மனநோய் தெய்வக் குற்றமன்று



திருவனந்தபுரத்தில் நம்மவர் இல்லத்தில் ஒருவர் உறக்கம் கெட்டு, உணவை வெறுத்து, மூலையில் முடங்குவாராயின், அயலார் கூறுவது யாது? "குலதெய்வத்தைக் கைவிட்டீர்கள், அது பழிவாங்குகிறது" என்பதே. இச்சொல்லுக்கு அஞ்சித் திரிசரணம் ஏற்றோரும் இரவோடிரவாக மந்திரவாதியின் வாயிலை மிதிப்பதை நாம் அறிவோம். இது தகுமோ என ஆராய்வோம்.

மோலிய சீவகர் என்னும் துறவி ததாகதரை அணுகி, மாந்தர் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனே என்பது மெய்யோ என வினவினார். அன்று என மறுத்த பகவான், பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டம், பருவ மாறுபாடு, உடலைப் பேணாமை, பிறர் செய்யும் கேடு, வினை என எட்டு ஏதுக்களை எடுத்தோதினார். சம்யுத்த நிகாயத்துள் இது காணப்படும். வினை எட்டில் ஒன்றே; தெய்வக் கோபமோ அவ்வெட்டில் இல்லவே இல்லை.

இக்கால உடல்நூலாரும் ஏதுவையே தேடினர். அச்சம் தோன்றியதும் மூளையின் ஏவலால், சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்த அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைக் குருதியில் கலக்கின்றன. பாம்பைக் கண்டு ஓடுங்கால் இஃது உயிர் காக்கும். ஆனால் கடனும் வேலையின்மையும் சாதி இழிசொல்லும் நாள்தோறும் தாக்கின், சுரப்பு ஓயாது. 1936-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்பார், குளிராலும் கடும் உழைப்பாலும் வாட்டப்பட்ட எலிகளின் அச்சுரப்பிகள் பருத்திருக்கக் கண்டார். நெடுநாள் மிகுந்த கார்டிசால் நினைவைப் பேணும் ஹிப்போகாம்பஸ் பகுதியை நலிவிக்கிறது. அச்சத்தை எழுப்பும் அமிக்டலாவோ முனைப்புறுகிறது. மறதி, உறக்கமின்மை, நடுக்கம், மனச்சோர்வு ஆகியன தொடர்கின்றன. மனநோய்க்குப் பரம்பரை முதலிய பிற ஏதுக்களும் உண்டு. சாபம் மட்டும் அவற்றுள் இல்லை.

ஏது உள்ளதாயின் நீக்கமும் உண்டன்றோ? ஊளம்பாறை என்னும் பெயரை இந்நகரத்தார் வசைச்சொல்லாக்கி விட்டனர். அங்குள்ள அரசு மனநல மையம், 1870 முதல் தொடர்ந்துவரும் மருத்துவமனையே. காய்ச்சலுக்குச் செல்வதுபோல் அங்கும் நாணாது செல்க. 14416 என்னும் அரசுத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஆனாபானசதி மனத்தைத் தணிக்கும். எனினும் தியானத்தை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தற்க.

பிறர் செய்யும் கேடும் நோய்க்கு ஏது எனப் பகவானே உரைத்தமையால், சாதி இழிவை எதிர்ப்பதும் நோய் தீர்க்கும் பணியே. கணவனையும் மக்களையும் பெற்றோரையும் இழந்து பித்துற்றுத் திரிந்த படாசாராவைப் பிறர் துரத்தினர்; ததாகதரோ தங்கையே என அழைத்துத் தேற்றினார். நாமும் துன்புற்றோரை ஒளித்து வையாது, அவர்தம் அருகில் அமர்வோமாக.

ஸாது! ஸாது! ஸாது!