கேளிக்கையும் கடமையும்

மனிதன் உழைப்பதற்கென்று மட்டும் பிறந்தவன் அல்லன். ஓய்ந்திருக்கவும், உற்றாரோடு கூடி மகிழவும் அவனுக்கு உரிமை உண்டு. ஆறு நாள் பாடுபட்டவன் ஏழாம் நாள் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பூங்காவுக்குச் செல்வதை எந்த அறநெறியும் குறை கூறாது. ஆனால், அவ்வாறு மகிழச் செல்பவரை வாயிலில் நிறுத்தி, முகக்கவசம் அணிந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கட்டாயப்படுத்துவது முறைதானா? கொரோனாப் பெருந்தொற்றின்போது உலகெங்கும் எழுந்த வினா இது. 2023 மே 5 அன்று, நெருக்கடி நிலை முடிவுற்றதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அச்சமும் சினமும் அடங்கிவிட்ட இந்நாளில் அவ்வினாவை நிதானமாக எண்ணிப் பார்ப்பது நமக்கு நலம் பயக்கும். ஏனெனில், கொள்ளைநோய் ஒருமுறை வந்ததோடு நின்றுவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இதனை எண்ணிப் பார்க்கச் சென்னையில் கிண்டியே தக்க இடம் எனலாம். அங்கே ஒருபுறம் சிறுவர் பூங்காவும், 1972இல் ரோமுலஸ் விட்டேக்கர் நிறுவிய பாம்புப் பண்ணையும், வெளிமான்களும் புள்ளிமான்களும் உலவும் தேசியப் பூங்காவும் உள்ளன. அதே கிண்டியில்தான் 1899இல் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்று தொடங்கப்பட்ட கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையமும் உள்ளது. 2020 மார்ச்சில் பூங்காக்களின் வாயில்கள் அடைபட்டன. அவ்வாண்டு ஜூலையில் கிங் நிலைய வளாகத்தில் கொரோனா மருத்துவமனை திறக்கப்பட்டது. சிறுவர் சிரித்து விளையாடும் இடத்துக்குச் சிறு தொலைவிலேயே, மூச்சுக்காகப் போராடியோர் படுக்கையில் கிடந்தனர். ஓரிடத்தின் மகிழ்ச்சிக்கும் மற்றோரிடத்தின் வேதனைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல நம்மால் இயலுமா?

அக்காலத்தில் அரசு, 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கையில் எடுத்தது. 2020 செப்டம்பரில், முகக்கவசம் அணியாதோர்க்கு 200 ரூபாய் அபராதம் விதிக்க வகை செய்யப்பட்டது. 2022 ஜனவரியில் அது 500 ரூபாயாக உயர்ந்தது. பொழுதுபோக்குப் பூங்காக்களும் உயிரியல் பூங்காக்களும் 2020 நவம்பர் 10 முதல் கட்டுப்பாடுகளோடு இயங்கலாம் என்று தமிழக அரசு அனுமதித்தது. கடல் கடந்த நாடுகளிலும் இதே நிலைதான். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்கா 2020 ஜூலையில் மீண்டும் திறந்தபோது, இரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் முகக்கவசம் அணிய வேண்டும் என்றது. ஜப்பானியப் பூங்காக்களோ இன்னும் ஒருபடி மேலே சென்று, ரோலர் கோஸ்டரில் ஏறுவோர் வாய்விட்டுக் கத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன.

இக்கட்டாயத்தை எதிர்த்தோர் கூறிய முதற்காரணம் நன்கு ஆராயத்தக்கது. "விரும்பி வருகிறோம், கட்டணம் செலுத்துகிறோம், எங்கள் உயிருக்கு நாங்களே பொறுப்பு" என்றனர் அவர்கள். இவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், அதே பூங்காவில் ராட்டினத்தில் ஏறும்போது இடுப்புக்குக் குறுக்கே கம்பியைப் பூட்டுகின்றனர். அதை எவரும் உரிமைப் பறிப்பு என்று சொல்வதில்லை. அக்கம்பி காப்பது அதில் அமர்ந்திருப்பவரை மட்டுமே. முகக்கவசமோ அணிந்தவரைக் காப்பதோடு அருகில் நிற்பவரையும் காக்க முயல்கிறது. தன்னை மட்டும் காப்பதற்கான கட்டாயத்தையே ஏற்றுக்கொள்பவர், பிறரையும் காப்பதற்கான கட்டாயத்தை மறுப்பது எவ்விதத்தில் பொருந்தும்?

மேலும், பூங்காவில் இருப்போர் அனைவரும் விரும்பி வந்தவர்கள் அல்லர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நுழைவுச்சீட்டைக் கிழித்துத் தருபவர், ராட்டினத்தை இயக்குபவர், கழிப்பறையைக் கழுவுபவர், ஐஸ்கிரீம் விற்பவர் ஆகியோர் அங்கு வருவது வயிற்றுப்பாட்டுக்காக. வருகையாளர் ஒருநாள் வந்து போகிறார். இவர்களோ ஆயிரம் பேரின் மூச்சுக்காற்றிடையே நாள்தோறும் நிற்கின்றனர். நம் மகிழ்ச்சிக்காக நாம் ஏற்கும் ஆபத்தை, கூலிக்காக நிற்பவர் தலையில் அவரைக் கேளாமலே ஏற்றி வைக்க நமக்கு உரிமை இல்லை. முகக்கவசக் கட்டாயத்தை ஆதரிப்பதற்கு நாம் காணும் தலையாய காரணம் இதுவே.

வாய் திறந்து மறுக்க இயலாத உயிர்களும் உண்டு. 2021 ஜூன் மாதம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கங்கள் பலவற்றுக்குக் கொரோனா தொற்றியது; நீலா என்னும் பெண் சிங்கம் இறந்தது; பின்னர் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. பார்வையாளருக்குப் பூங்கா மூடப்பட்டிருந்த நாட்களிலேயே இது நேர்ந்தது. கூண்டுக்குள் இருப்பது விலகிப் போகவும் இயலாது.

ஆனால் முகக்கவசத்தால் பயன் உண்டா என்று ஐயுறுவோரும் உண்டு. 1910–11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை வற்புறுத்தினார். அதைப் பொருட்படுத்தாது நோயாளிகளைப் பார்க்கச் சென்ற மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் சில நாட்களில் மாண்டார். இது ஒரு நிகழ்ச்சி. முழுச் சான்று ஆகாது. அண்மையில் வங்கதேசத்தின் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே ஆய்வு ஒன்று நடந்தது. அறுவை மருத்துவ முகக்கவசம் வழங்கி ஊக்குவித்த ஊர்களில், அறிகுறிகளோடு கூடிய தொற்று ஏறத்தாழ 11 விழுக்காடு குறைந்தது. இது மாயக் கேடயம் அன்று என்பது தெளிவு. பயனற்றது அன்று என்பதும் தெளிவு. சிறு இடையூற்றால் சிறு நன்மையேனும் பலருக்கு விளையுமாயின், கொள்ளைநோய்க் காலத்தில் அதைக் கேட்பது மிகையாகாது.

இவ்வளவு கூறியபின், கட்டாயத்துக்கும் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. சட்டம் என்பது பொதுநலம் கருதி அறிவு வகுக்கும் ஒழுங்கு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். அறிவு எட்டாத இடத்தில் சட்டம் நீண்டால் அது வெறும் அதிகாரமாகிவிடும். மரநிழலில் தனியே அமர்ந்திருக்கும் குடும்பத்துக்கும், குளிரூட்டப்பட்ட அறைக்குள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. 2020 டிசம்பரில் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியுள்ள ஐ.ஐ.டி.யில் மாணவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் தொற்றுக்கு ஆளானபோது, அதிகாரிகள் சுட்டிக்காட்டியது மாணவர் கூடி உண்ணும் உணவுக்கூடத்தை அன்றோ? ஆகவே கட்டாயம் வேண்டுவது மூடிய அரங்குகளிலும் நெரிசலான வரிசைகளிலும்தான்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்தியது. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறியும் காது கேளாதோர்க்கும் விலக்கு வேண்டும். ஏழைக்குரிய நியாயமும் உண்டு. முகக்கவசத்தின் விலை சில ரூபாய். அபராதமோ ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவுச் செலவு. கட்டாயப்படுத்தும் நிறுவனம் வாயிலிலேயே அதை இலவசமாகத் தரக் கடமைப்பட்டுள்ளது. கொடுக்காமல் தண்டிப்பது நோயைத் தடுப்பதாகாது, வறுமையைத் தண்டிப்பதாகும்.

இன்று கட்டாயம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. கிண்டி சிறுவர் பூங்கா 2024 ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. பிள்ளைகளின் சிரித்த முகங்களை அங்கே முழுமையாகக் காண்கிறோம். அது நற்பேறு. எனினும் சட்டம் விலகிய இடத்தில் மனச்சான்று விழித்திருக்க வேண்டும். காய்ச்சலும் இருமலும் உள்ள நாளில், நுழைவுச்சீட்டு வாங்கியாயிற்றே என்பதற்காகக் கூட்டத்துக்குள் செல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் உள்ளது. பிள்ளைகள் அழுதாலும் அப்பயணத்தைத் தள்ளிவைப்பதும், தவிர்க்க இயலாதபோது நாமே முகக்கவசம் அணிந்து செல்வதும் பிறரன்பின் எளிய வடிவங்கள். காவலர் எவரும் அதற்காக நம்மை நிறுத்தப் போவதில்லை. நுழைவுச்சீட்டுச் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்திருப்பவரின் வீட்டிலும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.