முருகையும் மனித அறமும்

உயிருள்ள ஒன்றை மனிதன் தன் உடைமையாகக் கொள்ளலாமா? கொள்ளலாமெனில், அவ்வுடைமை அவன்மீது சுமத்தும் கடமை எத்தகையது? பசுவையும் பயிரையும் வளர்க்கத் தொடங்கிய நாள்முதல் மனிதகுலம் இவ்வினாவை எதிர்கொண்டு வருகிறது. வினா பழையதாயினும் ஒவ்வொரு காலமும் அதனைப் புதிய வடிவில் நம்முன் நிறுத்துகிறது. வீட்டு முன்னறையிலே கண்ணாடித் தொட்டியொன்றில் கடல்நீர் நிரப்பி, அதில் உயிருள்ள முருகையை வளர்த்துப் பெருக்கும் வழக்கம் அத்தகைய வடிவங்களுள் ஒன்று. எங்கோ செல்வர் வீடுகளில் நிகழும் பொழுதுபோக்கு என்று நாம் இதனை ஒதுக்கிவிட முடியாது. அத்தொட்டிகளை அழகு செய்யும் மீன்களிலும் பிற உயிர்களிலும் ஒரு பகுதி இலங்கைக் கடலிலிருந்து, திருகோணமலைப் பகுதியிலிருந்தும், எடுக்கப்படுவது. எடுப்போர் நம் மக்கள்.

முதலில் அவ்வுயிரின் இயல்பை அறிவது நலம். முருகை என்றதும் சுண்ணாம்புச் சூளையில் வேகும் முருகைக்கல்லே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். அக்கல் முருகையின் எலும்பு மட்டுமே; முருகையோ ஒரு விலங்கு. பொலிப்பு எனப்படும் சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் உடலால் இணைந்து ஒரு குடியாக வாழ்கின்றன. கல்முருகைகள் சுண்ணத்தால் வீடு கட்டுகின்றன. மென்முருகைகள் அவ்வாறு கட்டுவதில்லை. தசைப்பற்றான உடலுக்குள் நுண்ணிய சுண்ண முட்களைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் ஒவ்வொரு பொலிப்புக்கும் கைகள் எட்டு. பல இனங்களின் உடலுக்குள்ளே கண்ணுக்குப் புலனாகாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அல்கா ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி முருகைக்குப் பங்கு தருகிறது. முருகை அதற்கு உறைவிடமும் தன் கழிவிலுள்ள ஊட்டமும் தருகிறது.

இவ்வுயிரைத் தொட்டியில் காப்பதற்கான விதிகள் எளியவை; கடைப்பிடிப்பதே அரிது. நீரின் வெப்பநிலை 25 அல்லது 26 பாகை செல்சியசில் நிலைத்திருக்க வேண்டும். ஆயிரம் பங்கு நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு வேண்டும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. ஆகவே குறைந்த நீரைக் கடல்நீரால் ஈடுசெய்தால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். நன்னீரையே வார்க்க வேண்டும். தோல்முருகை எனப்படும் சார்கோபைட்டன் சிலவேளை தன் கைகளையெல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு பல நாள் வாடி நிற்கும். அறியாதவன் அது இறந்துவிட்டதென எண்ணி எடுத்தெறிவான். அறிந்தவன் நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டிவிட்டு, அது மெழுகுபோன்ற மேலேட்டை உரித்து மீண்டும் மலரும்வரை காத்திருப்பான். மென்முருகைகள் அண்டையிலுள்ள பிற முருகைகளை ஒடுக்கும் இரசாயனப் பொருள்களை நீரில் கசியவிடுகின்றன. பரந்த கடலில் அவை கரைந்துபோம். தொட்டியில் தேங்கி நஞ்சாகும். எனவே கரியினூடே நீரை வடித்தல் வேண்டும். இவ்வாறு, கடல் தானே ஆற்றிவந்த பணிகளை ஒவ்வொன்றாக மனிதன் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான். ஒரு சாண் அளவான உயிரைக் காக்க ஒரு கடலின் வேலை தேவைப்படுகிறது என்ற அறிவு அவனுக்கு வாய்க்கிறது. இவ்வறிவே இப்பழக்கத்தின் மெய்யான பேறு எனலாம்.

இனி, பெருக்குதல். தோல்முருகையின் குடைபோன்ற தலையிலிருந்து கூரிய கத்தியால் ஒரு துண்டை அரிந்து, சிறு கல்லொன்றில் நூலால் தளரக் கட்டிவைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் அது கல்லைப் பற்றிக்கொள்ளும். தாயின் காயமும் ஆறிவிடும். முருங்கைக் கொம்பை ஒடித்து நட்டு மரமாக்குவது போன்றதே இது. உயிரை அரிவது கொடுமையன்றோ எனச் சிலர் வினவலாம். முருகைக்கு மூளை இல்லை. நரம்புகளாலான வலையொன்றே உண்டு. நாம் நோவு என்று கூறுவதை அது உணர்கிறது என்பதற்குச் சான்றில்லை. கடலிலும் அலை பிய்த்தெறிந்த துண்டு வேறிடத்தில் வேர்கொள்வதுண்டு. ஆகவே கத்தி பட்டதாலேயே அறம் கெட்டுவிட்டதென நாம் கொள்ளவில்லை.

கவனிக்க வேண்டிய உண்மை வேறொன்று. ஒருவன் பெறுவதை மற்றொருவன் இழந்தாக வேண்டும் என்பது நிலத்துக்கும் பொன்னுக்கும் உரிய நியதி. அரிந்து கொடுத்த முருகையோ கொடுத்தவனிடமும் குறைவதில்லை. ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவது போலவும், ஆசிரியர் மாணவருக்குக் கல்வி அளிப்பது போலவும் அது பெருகுகிறது. முருகை வளர்ப்போர் பலர் துண்டுகளைத் தமக்குள் விலையின்றிப் பரிமாறிக்கொள்கிறார்கள். சந்தையின் நடுவிலேயே சந்தைக்கு அடங்காத ஓர் உறவு தளிர்விடுவதை இதிலே காண்கிறோம்.

ஆயினும் இதனோடு மனநிறைவு கொண்டுவிடலாமா? வரலாறு நம்மை எச்சரிக்கிறது. 1846-இல் அன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி தென் இங்கிலாந்தின் டோர்க்கி கடற்கரையிலிருந்து கல்முருகைகளை லண்டனுக்குக் கொண்டுசென்று வீட்டில் வளர்த்தார். அவை பெருகிய விதத்தைப் பற்றி 1859-இல் எழுதவும் செய்தார். மின்விசைக் கருவிகள் தோன்றாத காலம். நீரிலே காற்றுக் கலக்கும்பொருட்டு, திறந்த சன்னலருகே நின்று, அரைமணி முக்கால்மணி நேரம் நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு ஊற்றிக்கொண்டே இருந்தவள் அவ்வீட்டு வேலைக்காரச் சிறுமி. சீமாட்டியின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. சிறுமியின் பெயரைக் காணோம். இன்று அவ்வேலையை இயந்திரம் செய்கிறது. ஆனால் பெயரற்ற உழைப்பு மறைந்துவிடவில்லை. தொட்டியின் அருகிலிருந்து கடலின் அடிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலையும் தெற்குக் கடலையும் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியுற்றிருக்கும். அப்போது அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் கிழக்குக் கரைக்கு வருவர். 1930-களில் சிறிய அளவில் தொடங்கிய இவ்வேற்றுமதி 1950-களில் விரிவடைந்தது. ஆழத்தில் நெடுநேரம் தங்கி விரைந்து மேலேறுபவனின் குருதியிலே நைதரசன் குமிழிகளாகிக் கைகால்களை முடக்கிவிடும். முன்னறையிலே அமர்ந்து அழகைச் சுவைப்பவன் செலுத்தும் விலையில் எத்தனை பங்கு அந்தச் சுழியோடியைச் சேர்கிறது? இடைத்தரகரும் ஏற்றுமதியாளரும் கடைக்காரரும் எடுத்தது போக எஞ்சுவது மிகச் சிறிது.

ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையொன்று, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,90,000 மென்முருகைத் துண்டுகள் விற்பனையாவதாகக் கணித்தது. மிகுதியாக விற்பனையாவனவற்றுள் இரண்டு இனங்களை அது எடுத்துக்காட்டியது. ஒன்று மேலே கூறிய சார்கோபைட்டன்; அரிந்தால் பெருகுவது. மற்றொன்று தெந்திரோநெப்தியா, செந்நிறமும் ஊதா நிறமும் பூண்ட பேரழகு. இதன் உடலிலே அல்கா இல்லை. நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுணவே அதன் வாழ்வு. தொட்டியில் அவ்வுணவு கிட்டாமல் பெரும்பாலும் சில வாரங்களில் பட்டினியால் மடிகிறது. ஆயினும் அது விற்கப்படுகிறது, வாங்கப்படுகிறது. வாழுமா மடியுமா என்பதைச் சந்தை கேட்பதில்லை. அழிவாபத்துள்ள உயிர்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை கல்முருகைகளைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மென்முருகைகளில் பெரும்பாலானவை அப்பட்டியலில் இல்லை. சட்டம் தடுக்காத இடத்திலும் அறம் தடுக்க வேண்டும். இறக்கப்போவதை அறிந்தே வாங்குபவன் அழகை வளர்ப்பவன் ஆகான்.

அப்படியாயின், கடலிலிருந்து எதையும் எடாது, தொட்டிகளிலே பெருக்கியவற்றையே கைமாற்றிக்கொண்டால் குற்றம் தீர்ந்துவிடுமன்றோ? நல்லெண்ணம் உடையோர் கூறும் முடிவு இதுவே. இங்குதான் பிரச்சினை கடினமாகிறது. முருகை பிழைக்கும், உண்மை. ஆனால் மீனையும் பிற உயிர்களையும் இவ்வாறே தூரதேசத் தொட்டிகளில் பெருக்கி முடித்தால், அக்கடலை நம்பி வாழும் கரையூர்க் குடும்பங்களின் கதி யாது? தாய் உயிரை முதலில் ஈந்த கடலுக்கும் அதன் மக்களுக்கும் ஒன்றும் மிஞ்சாது. இரப்பர்க் கன்றும் சிங்கோனா விதையும் பிறந்த மண்ணைவிட்டுப் பிற நாட்டார் கைக்குப் போய்ச் செல்வம் குவித்த வரலாற்றை நாம் மறந்துவிடவில்லை. வாங்குபவன் தன் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்கிறான். கழுவிய நீர் ஏழையின் முற்றத்தில் தேங்குகிறது.

விடை பெருக்குதலைக் கைவிடுவதில் இல்லை. அதனைக் கரையின் மக்களிடம் சேர்ப்பதில் இருக்கிறது. சொலமன் தீவுகளில் கிராமத்தவர் ஆழமற்ற கடலிலே முருகைத் துண்டுகளை வளர்த்து ஏற்றுமதி செய்திருக்கின்றனர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல், உயிருள்ள பாறையும் கடல்நீரும் காற்றுக்குமிழியும் கொண்டே முருகையை வளர்த்துக் காட்டி, அம்முறையை 1961-இல் எழுதினார். கடலருகே வாழ்பவனுக்கு இக்கலை எட்டாததன்று. நிலாவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலை அறிந்த கைகள் உண்டு. அக்கைகளுக்குக் கல்வியும் முதலும் கூட்டுறவும் சட்டத்தின் அனுமதியும் வாய்க்குமாயின், பறிப்பவன் வளர்ப்பவனாக மாறலாம். அதுவரை சுழியோடியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நீதியாகாது.

மற்றுமொரு கடமை எஞ்சியிருக்கிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963-இல் சரணாலயமாகவும் 2003-இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 1998-இல் கடல்நீர் வெப்பமுற்றபோது இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளின் முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பாறைகள் அவ்வாண்டு பெரும்பாலும் தப்பின. அது நிலையான காப்பன்று. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்டது. தொட்டி சூடேறினால் குளிரூட்டியை இயக்கலாம். கடலுக்குக் குளிரூட்டி ஏது? அக்குளிரூட்டியை இயக்க எரியும் நிலக்கரியே கடலின் வெப்பத்தை மேலும் ஏற்றுகிறது. கடல் அழிந்தாலும் தொட்டிகளில் முருகை பிழைத்திருக்கும் என்று ஆறுதல் கூறுவோர், ஊர் எரிகையில் ஒரு வீட்டின் ஓவியத்தைக் காத்ததற்காகப் பெருமை கொள்வோரை ஒப்பர்.

உடைமை என்பது அறிந்தபின் பொறுப்பாகிறது. முருகைக்கு வெப்பம் எவ்வளவு, உவர்ப்பு எவ்வளவு, தூய்மை எவ்வளவு தேவையென நாள்தோறும் அளந்தறிந்தவன், அதே தேவைகள் கடலிலே மறுக்கப்படும்போது வாளாவிருத்தல் எங்ஙனம் தகும்? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தொட்டியொன்று வைக்கும் ஆசிரியர், உப்பை அளக்கக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், அந்த உயிர் எக்கடலில் பிறந்தது, யார் கைவழி வந்தது, அவர் பெற்ற கூலி எவ்வளவு என்றும் மாணவரைக் கேட்கச் செய்வாராக. அக்கேள்விகளைக் கேட்கப் பழகிய தலைமுறை, கண்ணாடிக்கு அப்பால் உள்ள கடலையும் அதில் மூழ்கி எழும் மனிதனையும் காணத் தவறாது.