வரகுணைக்கும் ஒரு விமானம்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கொடும்பாளூர் வந்துவிடும். பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர் ஒரு காலத்தில் சோழநாட்டையும் பாண்டிநாட்டையும் இணைத்த வழியின் கழுத்து. கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு நடந்த கதையில், மதுரைக்குப் போகும் மூன்று வழிகள் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரம் காட்டுவது இந்தக் கொடும்பையின் குளக்கரையைத்தான். இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அந்த வழியைக் காத்தவர்கள் இருக்குவேளிர். புதுக்கோட்டை மாவட்டத்தின் பழைய அரச குடும்பங்களில் என் மனம் அடிக்கடி போய் நிற்பது இவர்களிடம்தான்.

அவர்கள் விட்டுப்போனதில் பெரியது மூவர் கோயில். மேற்கு பார்த்த மூன்று விமானங்கள், வடக்கு தெற்காக ஒரே வரிசையில். நடுவில் இருப்பதும் தெற்கில் இருப்பதும் முழுதாக நிற்கின்றன. வடக்கில் இருந்தது அடித்தளத்தோடு நின்றுவிட்டது. சுவரும் இல்லை, சிகரமும் இல்லை. சுற்றிலும் பரிவார தெய்வங்களுக்கான சிறு சன்னதிகளின் அடிப்பாகங்கள் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டுத் தெரிகின்றன. இப்போது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. நிற்கும் இரண்டும் கருங்கல்லில் அமைந்த இரண்டு தள விமானங்கள். கூரை விளிம்புக்குக் கீழே பூதகணங்கள் வரிசையாக ஆடிப் பாடிக்கொண்டிருக்கும். மேலே யானையை உரித்த சிவன் இருக்கிறான், உமையைப் பாதியாகக் கொண்ட சிவன் இருக்கிறான். கல்லில் இத்தனை உயிரை ஏற்றிய சிற்பிகளின் பெயர் ஒன்றுகூட நமக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

கட்டியவன் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. பூதி விக்கிரமகேசரி. கோயில் சுவரில் கிரந்த எழுத்தில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு ஒன்று அவன் குலத்தையே வரிசைப்படுத்துகிறது. முதல் வரிகள் சிதைந்துபோனதால் அந்தக் குலத்தின் முதல் மனிதனுக்கு இன்று பெயர் இல்லை, பாண்டியனின் யானைக்கூட்டத்தைப் பிடித்தான் என்ற பெருமை மட்டும் இருக்கிறது. பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். சிறுவயதில் பாம்புகளுக்கு நடுவே வளர்ந்ததாகச் சொல்லப்படும் நிருபகேசரி, வாதாபியை வென்ற பரதுர்க்கமர்த்தனன், அதிராஜமங்கலப் போரில் சளுக்கியைக் கொன்ற சமராபிராமன். அவன் மகன்தான் பூதி. பல்லவப் படையின் குருதியால் காவிரித் தண்ணீரைச் சிவக்க வைத்தவன், வீரபாண்டியனை வென்றவன், வஞ்சிவேளைக் கொன்றவன் என்று கல்வெட்டு அவனைப் போற்றுகிறது.

இந்த வெற்றிகள்தாம் இன்று பெரும் குழப்பம். நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைப் பிடித்தது 642-இல். பூதியின் தாத்தா அந்தப் போரில் நின்றவர் என்றால் பேரன் 7-ஆம் நூற்றாண்டைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது. ஆனால் பூதியின் பிள்ளைகளுக்குச் சோழர் பெயர்கள் இருக்கின்றன, கோயிலின் அமைப்பும் சோழர் காலத்துக்கே இழுக்கிறது. சிலர் அவனை 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஆதித்த சோழன் காலத்தில் வைத்தார்கள். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 10-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், சுந்தர சோழன் காலத்தில் வைத்தார். எந்தப் பல்லவன், எந்த வீரபாண்டியன் என்ற வாதம் நீண்டுகொண்டே போனது. தன் காலத்தில் யாரும் மறக்கவே முடியாது என்று நினைத்துத்தான் பூதி அந்தப் போர்களை வெட்டச் சொல்லியிருப்பான். ஆயிரம் ஆண்டு கழித்து அவன் எந்த நூற்றாண்டில் வாழ்ந்தான் என்பதைக்கூட அந்தப் போர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுச் செய்திகள் அப்படிக் குழப்பவில்லை. பூதியின் தாய் அநுபமா, சோழர் வீட்டுப் பெண். அவனுக்கு மனைவியர் இருவர், கற்றளி, வரகுணை. கற்றளிக்குப் பிறந்த பிள்ளைகள் பராந்தகன், ஆதித்தவர்மன். இதே குடும்பத்துப் பெண் ஒருத்தி எதிர்த் திசையிலும் போயிருக்கிறாள். தென்னவன் இளங்கோவேளாரின் மகள் பூதி ஆதிச்ச பிடாரி, முதல் பராந்தகனின் மகன் அரிஞ்சயனுக்கு மனைவியானாள். திருச்சிக்கு அருகே திருச்செந்துறையில் உள்ள சிவன் கோயிலைக் கல்லால் எடுப்பித்தவள் அவள். கல்கி தன் நாவலில் வானதியைக் கொடும்பாளூர்ப் பெண்ணாக வைத்தபோது, பெண் கொடுத்துப் பெண் எடுத்த இந்த உறவின் மேல்தான் கதையைக் கட்டினார். சோழர்களோடு சேர்ந்து சண்டைக்குப் போன இந்த வீட்டு ஆண்களில் பராந்தகன் சிறிய வேளார் ஈழத்துப் போரில் மாண்டார். மணமும் மரணமும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு பக்கங்களாக இருந்த காலம்.

அரச குடும்பத்தில் பெண்ணின் பெயர் எதற்காக எழுதப்படுகிறது என்று யோசிக்கும்போது எனக்கு மங்கோலியர் நினைவுக்கு வருகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் அமைச்சராக இருந்த ரஷீதுத்தீன், செங்கிஸ்கான் வம்சத்து இளவரசர்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொருவருக்கும் மனைவியர் யார் யார், எந்தப் பிள்ளை எந்தத் தாய்க்குப் பிறந்தவன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். காரணம் இருந்தது. செங்கிஸ்கானுக்கு மனைவியர் பலர். ஆட்சியில் பங்கு அவர்களில் போர்த்தே பெற்ற நான்கு மகன்களின் வழிக்குத்தான். தாய் யார் என்பதில் நாடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நால்வரில் கடைசி மகன் தொலுய் 1232-இல் இறந்தபோது அவன் மனைவி சோர்கக்தானி கையில் நான்கு ஆண்பிள்ளைகள். பேரரசன் ஒகதேய் அவளைத் தன் மகன் குயூக்குக்கு மணமுடிக்கக் கேட்டான். பிள்ளைகளை வளர்க்க வேண்டும் என்று சொல்லி அவள் மறுத்தாள். 1251-இல் மூத்தவன் மோங்கே பேரரசன் ஆனான், அடுத்த ஆண்டு அவள் இறந்தாள். அவள் பெற்ற குப்லாய் சீனத்தையும் ஹுலாகு பாரசீகத்தையும் ஆண்டார்கள்.

இந்தக் குப்லாய்க்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281 சித்திரையில் ஒரு தமிழர் சிவனை எழுந்தருளச் செய்து தமிழில் கல்வெட்டு வைத்தார். குப்லாய் என்று ஆய்வாளர்கள் கொள்ளும் கான் ஒருவரின் உடல் நலத்துக்காகச் செய்த வேண்டுதல் அது. கொடும்பாளூரிலும் மணிக்கிராமத்தார் என்ற பெரிய வணிகக் குழு இருந்தது. அத்தகைய குழுக்கள் நடந்த பாதைகள்தாம் நம் எழுத்தை அவ்வளவு தூரம் கொண்டுசேர்த்தன. தொலுயின் மகனுக்காகக் கடல் கடந்து ஒரு தமிழ் வேண்டுதல் கல்லில் நிற்கிறது. அந்தக் குலத்தின் தலைவர் செங்கிஸ்கானைப் புதைத்த இடமோ இன்றுவரை தெரியாது. மறைக்க வேண்டும் என்றே மறைத்தார்கள்.

சோர்கக்தானியை நான் மதிக்கிறேன். ஆனால் அவளுடைய பெயர் எட்டுத் திசையும் போனது பிள்ளைகளின் தோளேறித்தான். போர்த்தேயின் கதையும் அதேதான். பிள்ளை இல்லாத ராணிகள், பட்டத்துக்கு வராத பிள்ளைகளின் தாய்கள், இவர்கள் பட்டியலில் ஒரு வரியாக வந்து போகிறார்கள். உலகத்தின் எல்லா அரண்மனைகளிலும் வழக்கம் அதுவே. நம் வீடுகளிலும் வெகுகாலம் அதுதான் நடந்தது, பிள்ளை பெறாதவளின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்கு வைப்பதில்லை, படையலில் அவளுக்குத் தனி இலை இல்லை.

இந்த நினைப்போடு மூவர் கோயில் கல்வெட்டுக்குத் திரும்பினால்தான் வரகுணை கண்ணில் படுகிறாள். இரண்டு மகன்களும் கற்றளிக்குப் பிறந்தவர்கள் என்று சொல்லும் கல்வெட்டு, வரகுணைக்குப் பிள்ளை என்று யாரையும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் மூன்று விமானங்களின் செய்தி. தன் பெயரில் ஒன்று, மனைவியர் இருவர் பெயரில் இரண்டு. மூன்றும் ஒரே அளவு, ஒரே வரிசை, ஒரே திசை. தனக்கென்று ஒரு தளம் கூட்டிக் கட்டிக்கொள்ள யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். வாரிசைத் தந்தவளுக்குக் கொஞ்சம் உயரமாகவும், தராதவளுக்கு ஓரத்தில் சிறியதாகவும் எழுப்பியிருந்தால் அந்தக் காலம் அதை இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருக்கும். பூதி அளவை மாற்றவில்லை.

இதற்கும் அரசியல் காரணம் சொல்லலாம். ராணிகளின் பிறந்த வீடுகளைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கலாம், புண்ணியக் கணக்கு இருக்கலாம். கோயிலை ஒட்டி ஒரு பெரிய மடம் எழுப்பி, வித்தியாராசி, தபோராசி என்ற ஆசிரியர்களிடம் கற்ற காளாமுகச் சைவத் துறவி மல்லிகார்ச்சுனருக்குக் கொடுத்து, ஐம்பது துறவிகள் சாப்பிடப் பதினொரு ஊர்களையும் எழுதிவைத்தவன் அவன். கணக்குத் தெரிந்த ஆள். அப்படியே இருக்கட்டும். கணக்குத் தெரிந்த ஒருவன்தான் வரகுணைக்கும் கற்றளிக்கும் தனக்கும் ஒரே அளவு கல் போட்டான் என்பதில் எனக்கு மதிப்பு கூடவே செய்கிறது.

வடக்கு விமானம் எப்போது, எப்படிப் போனது என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. மடம் இல்லை, துறவிகள் இல்லை, பதினொரு ஊர்களின் நெல் இப்போது வேறு களங்களில் சேர்கிறது. விழுந்தது யாருடைய விமானம்? மூன்றையும் யார் யார் பெயரில் எடுப்பித்தான் என்று சொல்லும் கல்வெட்டு, இன்னது இன்னாருடையது என்று பிரிக்கவில்லை. நடுவில் இருப்பது அரசனுடையது என்பது பார்ப்பவர்களின் ஊகம். விழுந்தது கற்றளியுடையதாக இருக்கலாம், வரகுணையுடையதாக இருக்கலாம். காவிரியைச் சிவக்க வைத்தவனுடையதாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் என் மனம் ஒன்றைப் புரிந்துகொள்கிறது. மூன்றில் ஒன்று பெரிதாக இருந்திருந்தால், அது விழுந்தாலும் நின்றாலும் அரசனுடையது என்று சொல்லிவிட முடியும். சமமாகக் கட்டியவனுக்கு அந்த உரிமை கிடையாது. இன்னொருவருக்குத் தன் அளவைக் கொடுப்பவன், தன்னுடையதும் அவர்களுடையதாக எண்ணப்படலாம், அவர்களுக்குப் பதிலாகத் தன்னுடையதே அழியலாம் என்பதற்கும் சேர்த்தே சம்மதிக்கிறான். போரில் எவனோடும் சமமாக நிற்க ஒப்பாத ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் அதற்குச் சம்மதித்தான். வீரபாண்டியனும் வஞ்சிவேளும் அவனைப் பற்றிச் சொல்லாத ஒன்றை இந்தச் சம்மதம் சொல்கிறது.

பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வருகிறார்கள். வண்டியைவிட்டு இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இதில் ராஜா கோயில் எது என்பதுதான். உடன் வருகிறவர்கள் நடுவில் இருப்பதைக் காட்டுகிறார்கள். அதோடு நிறுத்தாமல், பிள்ளைகளை வடக்கே அழைத்துப்போய் அந்த வெற்று அடித்தளத்தின் மேல் நிற்கவைத்து, இதுவாகவும் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். கற்றளி, வரகுணை என்ற இரண்டு பெயர்களையும் அங்கேயே வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.