சொத்தைப் பல்லும் நீலக் கண்ணாடியும்

வழிபாடு நின்றுபோன கல்லுக்குப் புனிதம் உண்டா? பெர்லின் நகரம் 1957இல் இந்தக் கேள்விக்காகக் கொந்தளித்தது.

பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன் தாத்தாவான முதலாம் வில்ஹெல்மின் நினைவாக எழுப்பிய தேவாலயத்தின் இடிபாடுதான் அந்தக் கல். தேவாலயம் 1895இல் திறக்கப்பட்டபோது கோபுரத்தின் உயரம் 113 மீட்டர். நுழைமண்டபத்தில் அரச குலத்தாரின் ஊர்வலம் மொசைக்கில் மின்னியது. 1943 நவம்பரில் குண்டுகள் விழுந்தன. மிஞ்சியது மொட்டைக் கோபுரம். ஊரார் அதற்கு வைத்த பெயர் 'சொத்தைப் பல்'.

புதிய ஆலயத்துக்கான போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மான், அந்த இடிபாட்டை அகற்றிவிடவே எண்ணினார். மக்கள் விடவில்லை. பேரரசின் பெருமைக்காகக் கட்டியது, உடைந்த பிறகுதான் அவர்களுடையதாயிற்று என்று தோன்றுகிறது.

ஐயர்மான் இறங்கிவந்தார். 1961இல், சிதைந்த கோபுரத்தை ஒட்டியே எண்கோண ஆலயம் எழுந்தது. அதன் சுவர்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். செய்தவர் பிரான்சின் சார்த்ரைச் சேர்ந்த கேப்ரியல் லுவார். நேற்றுவரை எதிரி நாடாயிருந்த மண்ணிலிருந்து வந்த நீல ஒளியில் ஜெர்மானியர்கள் மண்டியிட்டார்கள். மன்னிப்பைப் பற்றிய எத்தனையோ பிரசங்கங்களைவிட இது ஆழமானது.

வெளியே இருக்கும் பிரைட்ஷைட் சதுக்கம் எல்லோருக்கும் பொது. 2016 டிசம்பர் 19 அன்று அங்கே கிறிஸ்துமஸ் சந்தைக்குள் ஒரு லாரி பாய்ந்தது. மறு ஆண்டே தேவாலயப் படிகளின் குறுக்கே பொன்னிற விரிசல் ஒன்று பதிக்கப்பட்டது. இறந்தவர்களின் பெயர்கள் அந்தப் படிகளில்தான் இருக்கின்றன. ஜெபிக்கப் போகிறவர்களும் சும்மா உட்கார வருகிறவர்களும் அவற்றைப் படிக்கிறார்கள்.