பட்டியலின் அடியில்

நிஜ வீரர்களை வைத்துக் கைப்பேசியில் கற்பனை அணி சேர்க்கும்போது, மணமேல்குடியானாலும் மதுரையானாலும், விரல் முதலில் போய் நிற்பது பேர்பெற்ற ஆட்டக்காரர்களிடம்தான். அவர்களை எடுக்கக் காது போதும். பட்டியலின் அடியில் கிடக்கும் பெயரை எடுக்கத்தான் கண் வேண்டும்.

2014-இல் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கின் புதுவீரர் தேர்வில் டென்வர் அணி செர்பியாவின் நிகோலா யோகிச்சை எடுத்தபோது, அவருக்கு முன்னால் 40 பேர் தேர்வாகியிருந்தார்கள். கூடைக்கு அருகில் ஆடும் சென்டர் இடத்துக்காரர், ஓட்டத்தில் வேகமில்லை, தாவலில் உயரமில்லை. அவர்தான் 2021, 2022, 2024 என மூன்று முறை அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். 2023-இல் டென்வருக்கு முதல் பட்டமும் வந்தது. நம் சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டி நடராஜனும் 2020-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகவே தேர்வானார். அந்த ஒரே பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடிவிட்டார்.

யோகிச்சைப் போன்ற சென்டரின் உழைப்பில் பாதி கற்பனை அணியின் கணக்கில் ஏறுவதே இல்லை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடித்தால் புள்ளி உண்டு. தோழன் எறிய வழி கிடைக்கட்டும் என்று எதிராளியின் முன் சுவராக நின்றதற்குப் புள்ளி கிடையாது. அது தெரிய வேண்டுமானால் ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.