வீரனின் விலையும் மனிதனின் மதிப்பும்

கோப்பாயில் தோட்டம் குத்தகைக்கு எடுப்பவர் முதலில் மண்ணைப் பார்ப்பார். பிறகு கிணற்றை எட்டிப் பார்ப்பார். வெங்காயமா, புகையிலையா, எத்தனை போகம் என்று கணக்குப் போட்ட பின்னரே காசை எண்ணிக் கொடுப்பார். மழை பிழைத்தால் நட்டம்தான். ஆயினும் மண் எங்கும் ஓடிவிடாது. ஆனால் ஒரு மனிதனுடைய தோளையும் முழங்காலையும் நம்பி, வரப்போகும் ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துக் கோடிக்கணக்கில் விலை பேசுவது தகுமா? விளையாட்டு உலகில் அடிக்கடி எழும் கேள்வி இது.

இக்கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி அன்று. 2024 இல் அது நமது வாசலுக்கே வந்தது. யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த், காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக, 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு ஐ.பி.எல். போட்டியில் ஐதராபாத் அணியில் சேர்க்கப்பட்டார். மே 8 ஆம் திகதி முதன்முதலாகக் களமிறங்கினார். நாமெல்லாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது முறையே. ஆனால் பிள்ளையின் உழைப்பைக் கண்டு மகிழ்ந்தோமா, ஐம்பது இலட்சத்தைக் கண்டு மகிழ்ந்தோமா?

விலை எத்துணை நிலையற்றது என்பதற்கு அவுஸ்திரேலிய வீரர் மிற்செல் ஸ்ராக் நல்ல சாட்சி. 2023 மார்கழியில் கொல்கத்தா அணி அவரை 24.75 கோடி ரூபாவுக்கு ஏலத்தில் எடுத்தது. அந்த ஏலத்தில் அதுவரை எவருக்கும் கிடைக்காத தொகை அது. தொடக்க ஆட்டங்களில் அவரது பந்துகள் நன்றாக அடி வாங்கின. எனினும் 2024 இறுதியாட்டத்தில் ஆட்டநாயகனாகி, கிண்ணத்தை வென்று கொடுத்தார். கொடுத்த காசு வீண்போகவில்லை எனலாம். ஆனால் சில மாதங்களில் கொல்கத்தா அவரை விடுவித்தது. டெல்லி அணி 11.75 கோடிக்கு எடுத்தது. கிண்ணம் வென்ற அதே கை. விலையோ பாதிக்கும் கீழே!

அதே ஏலத்தில் லக்னோ அணி ரிஷாப் பந்துக்கு 27 கோடி கொடுத்தது. வீரர் எல்லாருக்குமாக ஓர் அணி அப்போது செலவிடக்கூடியதாக இருந்தது 120 கோடியே. ஒருவருக்கு 27 போனால் மற்றவர்களுக்கு மிஞ்சுவது குறையும் அன்றோ? 2025 இல் கடைசி ஆட்டத்தில் அவர் சதம் அடித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அணி பெற்றது 7 ஆம் இடம். ஒரு தூண் எவ்வளவு பெரிதானாலும் வீடு முழுவதையும் அது தாங்காது.

இனி, நீண்டகால ஒப்பந்தத்தைப் பார்ப்போம். அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் பிரின்ஸ் பீல்டர் என்பவருடன் 2012 இல் டெற்றோயிற் அணி 9 ஆண்டுகளுக்கு 214 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. பின்னர் அவர் டெக்சாஸ் அணிக்கு மாற்றப்பட்டார். 2016 இல் கழுத்தில் சத்திரசிகிச்சை. அதன்பின் அவர் ஆடவே முடியவில்லை. ஆயினும் ஒப்பந்தம் முடிந்த 2020 வரை அவருக்குரிய ஊதியம் வழங்கப்பட்டது.

வியாபாரி இதைப் பெரும் நட்டம் என்பான். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமா? இங்கே இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று தொகை, மற்றது வாக்கு. தொகை மிகையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வீரரைத் திட்டுவதிலும் பொருளில்லை. தொலைக்காட்சியும் விளம்பரமும் கொட்டும் பணம் அவரிடம் போகாவிட்டால் முதலாளியிடம் போகும். அவர் ஆடக்கூடிய காலமோ சில ஆண்டுகளே. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள்; வீரன் யானையல்லன். கை ஓய்ந்தால் விலையும் ஓயும். அப்படி ஓய்ந்தவனையும் கைவிடாமல், சொன்ன சொல்லை நிறைவேற்றியது அந்த ஒப்பந்தம். அதில் போற்றத்தக்கது கோடியன்று, வாக்குத் தவறாமையே.

அந்த வாக்கு யாருக்கு மிக அவசியம்? நமது செம்மண் தோட்டங்களில் விடியற்காலையில் மண்வெட்டியுடன் இறங்கிக் கொத்திப் பாத்தி கட்டும் கூலியாளை நினைத்துப் பாருங்கள். இருபது வருடம் ஒரே வீட்டுத் தோட்டத்தில் உழைத்தவருக்கு ஒருநாள் நாரி பிடித்துவிடுகிறது. மறுநாள் அவருக்குக் கூலியில்லை, வேறொருவர் வந்துவிடுவார். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 முதல் நாட்டில் உண்டு. நாட்கூலிக்குத் தோட்டம் கொத்துபவர் பெயர் அதில் ஏறுவது அரிது. பேசிய கூலியைக் கொடுத்துவிட்டோமே என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். இரு பகுதியாரும் சம்மதித்தார்கள் என்பதால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது என்று பாப்பரசர் 13 ஆம் சிங்கராயர் 1891 இலேயே எழுதினார்.

ஆகவே, பெரிய ஒப்பந்தங்கள் பயனுடையனவா என்று பிள்ளைகள் கேட்டால், இவ்வாறு சொல்வோம்: வெற்றியை விலைக்கு வாங்க நினைத்தால் சில வேளை கிடைக்கும், சில வேளை கிடைக்காது. ஆனால் உழைத்தவன் விழும்போது அவனோடு நிற்பேன் என்ற வாக்கு ஒருபோதும் வீண்போகாது. அந்த வாக்கைக் கொடுக்கக் கோடி வேண்டியதில்லை. படுத்திருக்கும் கூலியாளின் வீட்டுக்கு அரைக் கூலியும் மருந்துச் செலவும் அனுப்ப மனமிருந்தால் போதும். பிள்ளைகள் அதைப் பார்த்தால், மனிதனின் மதிப்பை ஏலத்தில் தேடமாட்டார்கள்.