நடையும் நிய்யத்தும்

சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ எட்டிப் பாராத வீடு நம்மிடையே அரிதாகிவிட்டது. மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். அதே சீட்டின் அடியில் 'தினமும் நடக்கவும்' என்றும் எழுதுகிறார். மருந்து அன்று மாலையே வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. நடைதான் வந்து சேர்வதில்லை. முதல் வாரம் நடக்கிறார்கள். இரண்டாம் வாரம் மழை என்கிறார்கள். மூன்றாம் வாரம், நடப்பதற்கென்றே வாங்கிய காலணி வாசலில் தூசு படிந்து கிடக்கிறது. துபாயிலிருந்து மகன் தொலைபேசியில் கேட்கிறான்: "வாப்பா, இன்னைக்கு நடந்தீங்களா?" வாப்பா பேச்சை மாற்றுகிறார். இந்நிலைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து சூட்டியிருக்கும் பெயர் சோம்பல்.

ஒருவரைச் சோம்பேறி என்று சொல்வது அவருடைய குணத்தின்மீது தீர்ப்பு வழங்குவதாகும். அத்தீர்ப்பு சரிதானா என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? தவறாக இருக்குமானால், முன்னமே நோயைச் சுமப்பவரின் தோளில் குற்றவுணர்வையும் சேர்த்து ஏற்றிவைத்தவர்களாவோம். ஆகவே இது மருத்துவத்தோடு நின்றுவிடும் வினா அன்று. ஒழுக்கத்தைப் பற்றிய வினாவும் ஆகும்.

உடலுழைப்புக்கும் இதயத்தின் நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பெருந்தொகையான மக்களிடம் கணக்கெடுத்துக் காட்டிய முன்னோடி ஜெரி மோரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். இலண்டன் மாநகரின் இரட்டை மாடிப் பேருந்துகளை அவர் தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். ஓட்டுநர் வேலை நேரம் முழுவதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுக்குமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஏறத்தாழ ஒரே வாழ்க்கைத் தரம். 1953-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் மோரிஸ் குழுவினரின் முடிவுகள் வெளியாயின. ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடம் மாரடைப்புக் குறைவாக இருந்தது. வந்த இடத்திலும் அதன் கடுமை குறைந்தே இருந்தது. அஞ்சல் துறையில் வீதி வீதியாகக் கடிதம் கொடுத்தவர்களையும் நாற்காலியில் அமர்ந்து பணியாற்றியவர்களையும் ஒப்பிட்டபோதும் இதே வேற்றுமை தென்பட்டது.

மோரிஸின் நேர்மையை இவ்விடத்தில் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. தம் முடிவைத் தாமே ஐயுற்றவர் அவர். ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் தைத்துக் கொடுக்கப்பட்ட சீருடைகளின் அளவுக் கணக்கை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு, இளம் வயதினரிடத்தும்கூடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் இருக்கை அவர்களைப் பருமனாக்கியதா, அன்றிப் பருமனானவர்கள்தாம் இருக்கையைத் தேடி வந்தார்களா? 1956-இல் இதையும் அவர் வெளியிட்டார். பின்னர் நாள் முழுதும் மேசைமுன் அமரும் அரசு அலுவலர்களிடம் ஆய்வைத் தொடர்ந்தார். ஓய்வு நேரத்தில் உடலை வருத்தி இயங்கியவர்களுக்கு இதய நோய் குறைவு என்னும் முடிவு 1973-இல் வந்தது. தாமும் உடற்பயிற்சியைக் கைவிடாத அவர், 2009-இல் தமது 99-ஆம் வயதில் மறைந்தார்.

இந்த வரலாற்றில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அந்த நடத்துநர்களில் ஒருவராவது படியேறும்போது தம் இதயத்தை நினைத்திருப்பாரா? அவர்கள் உடற்பயிற்சி செய்யவில்லை, பயணச்சீட்டுக் கொடுத்தார்கள். குறிக்கோள் வகுத்துக்கொள்ளவில்லை, ஊக்கம் தேடி அலையவில்லை. வேலை அவர்களை நடத்தியது. நம் பாட்டிமார் அம்மியில் அரைத்ததும், உரலில் இடித்ததும், கிணற்றில் நீர் இறைத்ததும் அவ்வாறே. (அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. அந்த அம்மியும் உரலும் எத்தனை பெண்களின் இடுப்பை ஒடித்தன என்பதை அவர்கள் கேட்டறிய வேண்டும்.)

வேறெந்தப் பயனும் கருதாமல், உடல் இயங்க வேண்டும் என்பதற்காகவே இயங்குவது பெரும்பான்மை மக்களுக்கு மிகப் புதிய பழக்கம். இலக்கின்றி நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதை நம் முன்னோர் கண்டிருந்தால் வியந்திருப்பார்கள். நாற்பதாண்டுக் காலம் கடையைத் திறந்து, இரவு பத்து மணிக்கு மூடி, ஐந்து பிள்ளைகளைக் கரைசேர்த்த ஒருவர் நடைப்பயிற்சியில் மூன்றாம் வாரம் தோற்றுப்போனால், அவரைச் சோம்பேறி என்பது எந்த நியாயத்தில் சேரும்? உழைக்கத் தெரியாதவரா அவர்? உழைப்புக்குப் பொருள் இருந்தபோதெல்லாம் உழைத்தவர். இந்தப் புதிய உழைப்பின் பொருள்தான் அவருக்குக் கைவரவில்லை.

அந்தப் பொருளைக் கொடுக்கத்தான் குறிக்கோள் வேண்டும் என்கிறார்கள் உளவியலார். அமெரிக்க அறிஞர் எட்வின் லாக் 1968 முதலும், பின்னர் கேரி லேத்தம் என்பவருடன் சேர்ந்தும் செய்த ஆய்வுகளின் சாரம் எளியது. 'உன்னால் இயன்றதைச் செய்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'இவ்வளவு செய்' என்று திட்டமாகவும் சற்றுக் கடினமாகவும் வரையறுத்துச் சொன்னால் மனிதன் கூடுதலாகச் செய்கிறான். அதற்கான ஆற்றலும், அக்குறிக்கோளைத் தனதென்று ஏற்கும் மனமும் அவனிடம் இருத்தல் வேண்டும். இக்கடைசி நிபந்தனையை நாம் வசதியாக மறந்துவிட்டு, எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

எந்த எண்? பத்தாயிரம். நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடிகள் என்பது இன்று வேதவாக்காகிவிட்டது. கைபேசி கணக்கிடுகிறது, கைக்கடிகாரம் கணக்கிடுகிறது. இவ்வெண்ணை வகுத்தது மருத்துவக் கழகம் என்று எண்ணுவோர் பலர். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்து முடிந்த மறுவருடம், ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடிகளை எண்ணும் சிறுகருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ கெய்'. பத்தாயிரம் காலடி அளவி என்பது பொருள். கருவிக்குச் சூட்டிய பெயரே காலப்போக்கில் மருத்துவ விதிபோல ஆயிற்று. 2019-இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. நாளொன்றுக்குச் சுமார் 2,700 காலடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 காலடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500-க்கு மேல் நடந்தவர்களிடம் கூடுதல் குறைவு தென்படவில்லை. அப்படியிருக்க, மூட்டு வலியோடு 4,000 காலடி நடந்து வந்த ஒரு மூதாட்டியைப் பார்த்து 'இன்னும் 6,000 பாக்கி' என்று கருவி கூறுவதும், அவர் அதை நம்பிச் சோர்ந்துபோவதும் எத்துணை அநியாயம்!

எண்ணிக்கைக்கு இன்னொரு தீங்கும் உண்டு. ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் 2016-இல் வெளியிட்ட சோதனைகளில், தம் நடையை எண்ணிப் பார்த்தவர்கள் எண்ணாதவர்களைவிட அதிகம் நடந்தார்கள். ஆனால் அந்த நடையில் அவர்கள் கண்ட இன்பம் குறைந்துபோயிற்று. விருப்பச் செயல் கணக்கு வேலையாக மாறிவிட்டது. கணக்கு நின்றபின் அச்செயலைத் தொடரும் ஆர்வமும் அவர்களிடம் குறைந்தது. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே எண்ணம் எங்கோ போய்விடுவதை நாம் அறியாதவர்களா என்ன?

எண் பயனற்றது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. நம் பெரியவர்களுக்கு விட்டுப்போவது வேறொன்று என்பதே நம் கருத்து. நிய்யத் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்ததும் நம் பள்ளிகளில் நோன்பின் நிய்யத்தைச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். அதில் எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நாள், என்ன செயல் என்பதெல்லாம் ஐயத்துக்கிடமின்றி அடங்கியிருக்கும். 'வாழ்நாளில் நிறைய நோன்பு நோற்பேன்' என்று எவரும் நிய்யத் செய்வதில்லை. நாளைய நோன்புக்கே நிய்யத். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரை ஏறத்தாழ இதைத்தான் உலகியல் செயல்களுக்குச் சொல்கிறது. 'நான் உடற்பயிற்சி செய்வேன்' என்பது விருப்பம். 'இன்ன நேரம் வந்ததும், இன்ன இடத்தில், இதைச் செய்வேன்' என்பதே திட்டம்.

2002-இல் இங்கிலாந்தில் 248 மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் ஒரு முறையேனும் இருபது நிமிடம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஒரு குழுவுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அவர்களில் 38 விழுக்காட்டினர் செய்தார்கள். இரண்டாம் குழுவுக்கு இதய நோயின் அச்சங்களையும் உடற்பயிற்சியின் நன்மைகளையும் எடுத்துரைத்துத் துண்டறிக்கை கொடுத்தார்கள். அவர்களில் 35 விழுக்காட்டினரே செய்தார்கள். அறிவுரையால் ஒரு பயனும் விளையவில்லை! மூன்றாம் குழுவினரும் அதே துண்டறிக்கையைப் படித்தார்கள். கூடவே எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்பதையும் எழுதி வைத்தார்கள்; 91 விழுக்காட்டினர் செய்து முடித்தார்கள். இவர்கள் இளைஞர்கள், இது ஒரே வாரத்துச் சோதனை. பின்வந்த ஆய்வுகளில் இதே முறையின் பயன் இதைவிடச் சிறிதாகவே காணப்பட்டது. ஆயினும் அச்சுறுத்தலுக்கும் திட்டத்துக்கும் இடையிலுள்ள அந்த வேற்றுமையை, பெற்றோரை நடக்கச் சொல்லி வற்புறுத்தும் பிள்ளைகள் மனத்தில் கொள்வது நல்லது. 'நடக்காவிட்டால் காலை எடுத்துவிடுவார்கள்' என்று பயமுறுத்துவதைவிட, 'சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே வீட்டுக்கு வராமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு வாருங்கள்' என்பது பன்மடங்கு உதவும். தொழுகை நேரம் ஏற்கனவே அவர் வாழ்வில் அசையாமல் நிற்கிறது. நடையை அதில் கட்டிவைத்தால் போதும்.

இனி, நடந்து பெறுவது என்ன என்ற வினா. இருபதாண்டு கழித்து வரக்கூடிய மாரடைப்பு வராமல் போவது பெரும்பேறுதான். ஆனால் வராமல் போன ஒன்றை எவரும் கண்டு மகிழ்வதில்லை. அமெரிக்க நடுத்தர வயதுப் பெண்களிடம் 2008-இல் செய்த ஆய்வொன்றில், எடையைக் குறைக்கவென்று உடற்பயிற்சியில் இறங்கியவர்களைவிட, மன இறுக்கம் தளரவும் நலமாக உணரவும் வேண்டி இறங்கியவர்களே அதிகம் ஈடுபட்டது தெரியவந்தது. காரணம் விளங்காததன்று. எடை மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். மனத்தின் பயனோ அன்றே கைக்கு வந்துவிடும். கவலையோடு புறப்பட்டவர் அரை மணி கழித்து வீடு திரும்பும்போது, கவலை தீர்ந்திராவிடினும் அதன் கனம் குறைந்திருப்பதை உணர்வார். அன்றிரவு உறக்கமும் எளிதில் வரும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. டியூக் பல்கலைக்கழகத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, கடும் மனச்சோர்வு நோய்க்கு ஆளான 156 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு மருந்து, ஒரு பிரிவினருக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, ஒரு பிரிவினருக்கு இரண்டும். பதினாறு வாரங்களின் முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். மருந்து மட்டும் சற்று விரைவில் வேலை செய்தது. மேலும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, தேறியவர்களில் உடற்பயிற்சிப் பிரிவினரிடம் நோய் திரும்பியது குறைவு. இதைப் படித்துவிட்டு எவரும் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடலாகாது. எந்தச் சிகிச்சையும் பெறாத பிரிவு அந்த ஆய்வில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும், மனச்சோர்வை வெளியே சொல்லவே கூசும் நம் சமூகத்தில், மனத்தைச் சொல்லாமலேயே மனத்துக்குச் செய்துகொள்ளக்கூடிய உபகாரம் ஒன்று இருப்பது சிறிய செய்தியா?

ஆனால் இந்த இன்பம் மூச்சு வாங்க ஓடுபவனுக்குத் தொடக்கத்தில் கிட்டுவதில்லை. பழக்கமற்ற உடலை அளவுக்கு மீறி விரட்டினால் துன்பமே மிஞ்சும். துன்பத்தை நினைவில் வைத்த மனம் மறுநாள் சாக்குத் தேடும். துணைக்கு வருபவருடன் பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும்: அதுவே நடுத்தர வேகம். அத்தகைய வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த கீழெல்லை. அதுவும் இயலாதவர்களுக்கு, எதுவுமே செய்யாமல் இருப்பதைவிடச் சிறிது செய்வதும் மேல் என்று அதே நெறிமுறை கூறுகிறது.

இவ்வளவும் ஆண்களை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் ஆகிவிட்டது. குளத்தைச் சுற்றி வா என்று வாப்பாவிடம் சொல்லலாம், உம்மாவிடம்? 2024-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2022-இல் இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத ஆண்கள் 42 விழுக்காடு, பெண்கள் 57 விழுக்காடு. அந்தப் பதினைந்து விழுக்காட்டு வேற்றுமைக்குச் சோம்பல் என்று பெயரிட எவர் துணிவார்? காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடந்து போய்வர முடுக்குகள் அமைத்த முன்னோர், பெண்ணுக்கும் நடக்க இடம் வேண்டும் என்பதை அறிந்தே வீடு கட்டினார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறிய குடும்பங்களில் அந்த இடம் இல்லை. நேரமோ, பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் மாலையிலும் இல்லை, உணவு தயாராக வேண்டிய காலையிலும் இல்லை. 'நீங்களும் நடங்களேன்' என்று அறிவுரை கூறும் ஆண்மக்கள், அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்படியை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அஸருக்குப் பின் தேநீர் போடும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டால் நேரம் பிறந்துவிடுகிறது. இடத்துக்கு மொட்டை மாடி போதும். பத்து மீட்டர் நீளமுள்ள மாடியில் நூறு முறை போய்த் திரும்பினால் இரண்டு கிலோமீட்டர் ஆகிறது. அதற்குள் கீழே தேநீர் ஆறிப்போனால், மகனே மறுபடியும் சூடாக்கித் தரட்டும்.